முகம் பார்த்து ஓட்டுப் போடுகிறோமா?

பிப்ரவரி 3, இரவு 9.40 – ஒரு வாசகரின் கேள்வி

வேட்பாளர்களின் முகத்தை மட்டும் பார்த்தே யார் ஜெயிப்பார் என்று பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்லிவிடலாம் என்று எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லை. நான் 30 வருடமாக ஓட்டுப் போடுகிறேன். கட்சியைப் பார்ப்பேன், ஆள் என்ன செய்தார் என்று பார்ப்பேன். ஒருநாளும் மூக்கும் முழியும் பார்த்துப் போட்டதில்லை. இது உண்மையா, பரபரப்புக்காகக் கிளப்பிவிட்டதா?

பிப்ரவரி 3, இரவு 11.15

உண்மைதான். நீங்கள் படித்தது 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வாக இருக்கும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் தொடோரோவும் அவர் குழுவும் செய்தது. அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நடந்த தேர்தலில் முதலிடமும் இரண்டாமிடமும் வந்த இருவரின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அந்த முகம் யாருடையது என்று தெரிந்தவர்களின் பதிலை எடுத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவர்கள் சொன்னதை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். 71.6 சதவீதப் போட்டிகளில் அவர்கள் கைகாட்டிய ஆள்தான் ஜெயித்திருந்தார்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். "யார் ஜெயிப்பார்?" என்று அவர்களிடம் கேட்கவே இல்லை. "இந்த இருவரில் யார் திறமையானவராகத் தெரிகிறார்?" என்றுதான் கேட்டார்கள்.

நீங்கள் முகம் பார்த்துப் போட்டதில்லை என்கிறீர்கள். பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கனடாவில் 1972 தேர்தலை வைத்து எஃப்ரான், பேட்டர்சன் என்ற இருவர் பார்த்தபோது, லட்சணமான வேட்பாளர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஓட்டு விழுந்திருந்தது. வாக்காளர்களைக் கேட்டால் நான்கில் மூன்று பேர் "சேச்சே, அதெல்லாம் இல்லவே இல்லை" என்றார்கள். அவர்களும் மனதறிந்து பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, காலை 6.50

விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று இரண்டு முக்கியமான விஷயங்களை விட்டுவிட்டேன்.

ஒன்று, நேரம். 2007இல் அதே தொடோரோவ் சார்ல்ஸ் பல்லூ என்பவருடன் சேர்ந்து மாநில ஆளுநர் தேர்தல்களை எடுத்துக்கொண்டார். படத்தை 100 மில்லி நொடி மட்டும் காட்டினார்கள். அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டவே அதைவிட நேரம் ஆகும். அப்போதும் கணிப்பு ஏறக்குறைய அதே அளவுக்குப் பலித்தது. பிறகு வேறு சிலரிடம் "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்கள். யோசித்தவர்களின் கணிப்பு குறைவாகத்தான் பலித்தது. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். யோசித்தால் கணிப்பு தவறுகிறது என்றால், தேர்தல் முடிவுக்குள் யோசிக்காத ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டு, குழந்தைகள். சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில் ஜான் அன்டோனாகிஸ், ஓலாஃப் டல்காஸ் இருவரும் 5 முதல் 13 வயது வரையுள்ள 681 குழந்தைகளுக்குக் கணினியில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பழைய கிரேக்கக் கதையில் வருவதுபோல் டிராயிலிருந்து இத்தாக்காவுக்குக் கப்பல் போகிறது. இந்த இரண்டு பேரில் யாரை மாலுமித் தலைவராக வைத்துக்கொள்வாய்? காட்டிய படங்கள் 2002 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் எதிரெதிரே நின்றவர்களுடையவை. குழந்தைகளுக்கு அது தெரியாது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஆளே ஜெயித்தவராக இருக்க 71 சதவீத வாய்ப்பு இருந்தது. பெரியவர்களிடம் திறமையைப் பற்றிக் கேட்டபோது வந்தது 72.

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கட்சி தெரியாது, கொள்கை தெரியாது. நமக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அதன் விரல் தொட்ட இடத்தில்தான் நம் ஓட்டும் போய் விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 4, மாலை 7.30

காலையில் எழுதியதைத் திருத்த வேண்டும். "அப்படியானால் 70 சதவீத ஓட்டு முகத்துக்குத்தான் விழுகிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. என் கடைசி வரிதான் அந்த அர்த்தத்தைக் கொடுத்துவிட்டது. தப்பு என்னுடையது.

இருவரில் ஒருவரைக் காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே பாதிக்குப் பாதி பலிக்கும். ஆகவே 70 என்பது 50க்கு மேலே இருபதுதான். அதுவும் ஜெயித்தது யார் என்பதை வைத்துச் சொல்லும் கணக்கு, எத்தனை ஓட்டில் என்பதை வைத்து அல்ல. மிக நெருக்கமான போட்டியில் நூற்றில் இரண்டு மூன்று பேர் மனம் சாய்ந்தாலே ஆள் மாறிவிடும். மீதி 97 பேர் கட்சி பார்த்து, வேலை பார்த்துப் போட்டிருக்கலாம். கேள்வி கேட்டவர் அந்த 97இல் ஒருவராகவே இருக்கலாம். அவரிடம் நேற்று நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன்.

பிப்ரவரி 6, இரவு 10.20

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஊழியர் சிக்கனக் கடன் சங்கத் தேர்தல் நடந்தது. கேமரா வைத்திருந்தவன் நான்தான். நோட்டீஸில் போட எல்லா வேட்பாளர்களையும் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். காலையில் வந்தவர்களை ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, பொறுமையாக, ஒவ்வொருவருக்கும் ஏழெட்டுப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். சங்கத்தின் வட்டிக் கணக்கில் நான்கு வருடமாக யார் கண்ணிலும் படாத பிழையைக் கண்டுபிடித்து, உறுப்பினர்களுக்குப் பணம் திரும்பி வரச் செய்தவர். அவர் வரும்போது மாலை ஆகிவிட்டது. வெயில் போய்விட்டது. நானும் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். நடைவழியில், தலைக்கு நேர் மேலே டியூப் லைட் எரிய, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று இரண்டே படம். "போதும் அக்கா, நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழுந்து கண்ணே இருண்டுபோயிருந்தது. மூக்கு பெரிதாக முன்னால் வந்திருந்தது. காது இரண்டும் பின்னால் ஒளிந்துவிட்டன. வாயைச் சேர்த்து மூடியிருந்தார், அவ்வளவுதான்; ஆனால் கன்னத்து நிழலில் அது கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. பலகைக்கு முன்னால் நின்ற ஒரு புதுப் பையன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இவங்க ரொம்ப கடுகடுன்னு இருப்பாங்க போல." எங்கள் மாடியிலேயே அதிகம் சிரிப்பவர் அந்த அக்காதான்.

11 ஓட்டில் தோற்றார்.

பிப்ரவரி 7, மதியம் 1.05

"அக்காவின் படத்தில் மூக்கு பெரிதாக வந்ததற்கு லென்ஸ்தானே காரணம்?" என்று கேட்டவருக்கு: லென்ஸைவிடத் தூரம்தான் காரணம். கிட்டே போனால் மூக்கு கேமராவுக்கு இன்னும் கிட்டே வரும், காது விலகிப்போகும். இரண்டடியில் எடுத்தாலும் ஐந்தடியில் எடுத்தாலும் முகம் அதேதான். படத்தில் மட்டும் வேறு ஆள் மாதிரி இருக்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் 2012இல் இதையே சோதித்தார்கள். ஒரே ஆளை, முகம் படத்தில் ஒரே அளவாக வரும்படி, கிட்டேயிருந்தும் தள்ளி நின்றும் எடுத்தார்கள். கிட்டே எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் அந்த ஆளை நம்பத் தகுதி குறைந்தவராக, திறமை குறைந்தவராக மதிப்பிட்டார்கள்.

பிப்ரவரி 7, மதியம் 1.20

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் பிரபலங்கள் இரண்டு பேருக்குத் தலா 20 படம், மொத்தம் 40. அவர்களை அறியாத பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக ஏழு எட்டுக் குவியல் ஆயிற்று. அதாவது அங்கே ஏழெட்டு ஆட்கள் இருப்பதாக நினைத்தார்கள். அந்த இருவரையும் அறிந்த டச்சுக்காரர்களுக்கு இரண்டு குவியல்தான்.

அறிமுகமில்லாதவரை நாம் "முகம் பார்த்து" எடைபோடுகிறோம் என்பதே கொஞ்சம் அதிகப்படியான பேச்சு. ஒரே ஒரு படத்தைப் பார்க்கிறோம். முகத்துக்கே இன்னும் போய்ச் சேரவில்லை.

பிப்ரவரி 9, காலை 8.00

"அது அமெரிக்கர்களின் பழக்கம். எல்லா நாட்டிலும் இப்படி இருக்காது" என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி.

முதலில், சரியில்லாத பாதி. சாப்பெல் லாசனும் உடனிருந்த மூவரும் மெக்சிகோ, பிரேசில் வேட்பாளர்களின் படங்களை அமெரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே முகங்களைத்தான் "இவர் நன்றாக ஆட்சி செய்வார்" என்று சுட்டினார்கள். அந்தச் சுட்டலை வைத்து மெக்சிகோவில் 68 சதவீதத் தேர்தல்களிலும் பிரேசிலில் 75 சதவீதத் தேர்தல்களிலும் ஜெயித்தவரைச் சொல்ல முடிந்தது. 2011இல் நடந்த பல்கேரிய அதிபர் தேர்தலிலும் இப்படித்தான். அந்த நாட்டைப் பற்றி எதுவும் தெரியாத அமெரிக்கர்கள் போட்ட திறமை மதிப்பெண்ணோடு முடிவு ஒத்துப்போயிற்று. இன்னும் பெரிய அளவில் 2021இல் ஓர் ஆய்வு வந்தது. 41 நாடுகள், 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நம்பலாமா என்பது ஒன்று, அதட்டி நிற்கக்கூடியவரா என்பது இன்னொன்று. முகத்தைப் பார்த்ததும் மனிதர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இந்த இரண்டு கோட்டில்தான் ஓடுகிறது, சில இடங்களில் சின்னச் சின்ன மாறுதலோடு.

இனி சரியான பாதி. எனக்குப் பிடித்த ஆய்வு இதில்தான் வருகிறது. நிக்கோலஸ் ரூல் குழு 2010இல் அமெரிக்க, ஜப்பானிய வேட்பாளர்களின் படங்களை இரண்டு நாட்டாரிடமும் காட்டியது. எது அதிகாரம் உள்ள முகம், எது கனிந்த முகம் என்பதில் இரு நாட்டாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஜெயித்தவை அதிகார முகங்கள். ஜப்பானில் ஜெயித்தவை கனிந்த முகங்கள். முகத்தைப் படிப்பது ஒரே மாதிரி, அதற்குப் பிறகு தலைவரிடம் எதிர்பார்ப்பதுதான் வேறு வேறு.

கொரியாவில் இன்னும் ஒரு படி. திறமைசாலியாகத் தெரிகிற முகம் எது என்பதில் கொரியர்களும் அமெரிக்கர்களும் ஒத்துப்போனார்கள். ஆனால் அந்த மதிப்பீடு கொரியத் தேர்தல் முடிவோடு அமெரிக்காவில் ஒட்டிய அளவுக்கு ஒட்டவில்லை. முகத்தைப் பார்ப்பதும் அதற்கு விலை கொடுப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஒரே நாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டென்மார்க்கில் வலதுசாரி வாக்காளர்கள் அதட்டலான முகத்தை விரும்புகிறார்கள். இடதுசாரிகளிடம் அந்த முகம் எடுபடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஓட்டுச் சீட்டிலேயே படம் இருக்கிறது. அங்கே 2005 தேர்தலை ஆண்ட்ரூ லீயும் டிர்டா சுசிலோவும் பார்த்தார்கள். பழங்குடி வாக்காளர்கள் குறைவாக உள்ள தொகுதிகளில் புதிதாகப் போட்டியிட்டவர்களில் வெளுத்த தோல்காரர்களுக்கு ஓட்டு கூடுதல். பழங்குடியினர் அதிகம் உள்ள தொகுதிகளில் கறுத்த தோல்காரர்களுக்குக் கூடுதல். முகவெட்டு, முகவெட்டு என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது தோல் நிறம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. இதைத் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு 9.15

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?" என்று ஒரு பதில்.

சும்மா சொல்லவில்லை. தெரிந்தவர் முகத்தில் தெரியும். அம்மா வாசலில் வந்து நிற்கும்போதே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறோம். கோபம், துக்கம், மறைக்கப் பார்க்கும் சந்தோஷம் எல்லாமே முகத்தில் ஓடும், ஒரு நிமிடத்தில் மாறும். ஆனால் இவர் கணக்கில் நேர்மையானவரா, மூன்று வருடம் பொறுமையாகக் கூட்டம் நடத்துவாரா என்பதெல்லாம் தாடை எலும்பில் எழுதியிருக்காது. அப்போதைய மனநிலையைப் படிக்கத் தெரிந்த நாம், அதே கண்ணால் குணத்தையும் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சாமுத்திரிகா லட்சணம் பார்த்தவர்களும் இதில்தான் வழுக்கினார்கள், ஐரோப்பாவில் முகத்தை வைத்துக் குணம் சொன்ன லவாட்டர் என்ற போதகரும் இதில்தான் வழுக்கினார். அவரை நம்பிய கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், 1831இல் தன்னோடு வர வந்த இளைஞனின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குக்காரனுக்கு இந்தப் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று சந்தேகப்பட்டார். அந்த மூக்கு சார்ல்ஸ் டார்வினுடையது.

பிப்ரவரி 12, இரவு 11.50

மூன்று நாளாக எழுதவில்லை. 6ஆம் தேதி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் படத்தால்தான் அக்கா தோற்றார் என்று அதில் நேராக எழுதவில்லை. ஆனால் படிப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நானும் எட்டு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2009இல் அட்கின்சன், ஈனோஸ், ஹில் என்ற மூன்று அரசியல் ஆய்வாளர்கள் இந்த முக ஆய்வுகளையெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதியில் கட்சிகள் ஏற்கெனவே நல்ல தோற்றமுள்ள ஆளைப் பார்த்து நிறுத்துகின்றன. தோற்கப்போகிற தொகுதியில் கிடைத்தவரை நிறுத்துகின்றன. அப்போது முகமும் வெற்றியும் கைகோத்து வரும், ஆனால் முகம் ஓட்டைக் கொண்டுவந்திருக்காது. அதைக் கழித்துப் பார்த்தால் முகத்தின் நேரடிப் பங்கு சின்னதுதான் என்கிறார்கள். நான் முதல் நாள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2012இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை. தேர்தலுக்கு முன்பு மாதிரி ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள், சிலருக்குப் படத்தோடு, சிலருக்குப் படமில்லாமல். யாருக்கு எந்தச் சீட்டு என்பது குலுக்கல் முறை. படத்தோடு கிடைத்தவர்களிடம் நல்ல தோற்றமுள்ளவர்களுக்கு ஆதரவு கூடியது. குலுக்கல் என்பதால் கட்சி நிறுத்தியது, தொகுதி நிலவரம் என்று எதையும் காரணம் காட்ட முடியாது. ஆகவே முகத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அக்கா விஷயத்தில் எனக்குக் குலுக்கல் இல்லை. ஒரே தேர்தல், ஒரே நோட்டீஸ். எதிரே நின்றவர் இரண்டு வாரம் மேசை மேசையாகப் போய்க் கைகொடுத்துப் பேசினார். அக்கா யாரிடமும் போகவில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று அந்தப் படத்தைப் பற்றி ஒருவழியாக அவரிடம் சொன்னேன். "படத்தை விடு தம்பி. எனக்கு ஓட்டுக் கேட்க வாய் வரவில்லை" என்றார். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினார். "ஆனால் அந்தப் படம் நன்றாக இல்லைதான்."

பிப்ரவரி 13, காலை 7.10

நேற்று எழுதியதற்குச் சேர்க்கை. அதே தேர்தலில் எனக்கு ஐந்து ஓட்டு இருந்தது, ஐந்து பதவி. மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற இரண்டு இடத்துக்கு நின்ற எவரையும் தெரியாது. நோட்டீஸில் பார்த்த முகங்களில் மனதில் நின்ற இரண்டுக்கு முத்திரை குத்திவிட்டு வந்தேன். ஏன் அவர்கள் என்று அன்று கேட்டிருந்தால் "பொறுப்பானவர்கள் மாதிரி தெரிகிறது" என்று சொல்லியிருப்பேன். அவர்கள் பொறுப்பானவர்களாகத் தெரிய ஜன்னல் வெளிச்சத்தை அமைத்துக் கொடுத்தவனே நான்தான்.

கேள்வி கேட்டவரே, வேட்பாளர் பட்டியலில் தெரிந்தவர்கள் இருக்கும் மேல்பாதியை விடுங்கள். பெயர்கூடத் தெரியாத கீழ்ப்பாதியில் எப்படி முடிவு செய்கிறீர்கள்? அமெரிக்க வாக்காளர்களை வைத்து 2011இல் வந்த ஆய்வு ஒன்று, அரசியல் விவரம் குறைவாகவும் தொலைக்காட்சி அதிகமாகவும் உள்ளவர்களிடம்தான் தோற்றம் பலமாக வேலை செய்கிறது என்று காட்டியது. விவரம் தெரிந்த இடத்தில் முகத்துக்கு வேலை குறைவு.

பிப்ரவரி 15, இரவு 8.30

அமெரிக்க அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்ற நிக்சன், கென்னடி இருவரின் தொலைக்காட்சி விவாதத்தைப் பற்றி நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். 1960 செப்டம்பர் 26, சிகாகோ. நிக்சன் முழங்காலில் தொற்று வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு, உடம்பு இளைத்து வந்திருந்தார். முகத்தில் வியர்வை, தாடி நிழல். கென்னடி பளிச்சென்று இருந்தார். வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. அந்தக் கதை நிற்பது ஒரே ஒரு கருத்துக் கணிப்பின் மேல். அதில் வானொலி கேட்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். வானொலி கேட்டவர்கள் வேறு வகைப் பகுதிகளில், ஏற்கெனவே நிக்சன் பக்கம் இருந்தவர்களாகவும் இருந்திருக்கலாம்.

2003இல் ஜேம்ஸ் ட்ரக்மன் அந்த விவாதத்தை முன்பு அறியாத மாணவர்களுக்குப் போட்டார். பாதிப் பேருக்குப் படத்தோடு, பாதிப் பேருக்குக் குரல் மட்டும். படத்தோடு பார்த்தவர்கள்தான் கென்னடி பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். கதையின் ஆதாரம் பலவீனம், ஆனால் கதை சொல்ல வந்தது பொய்யில்லை.

பிப்ரவரி 15, இரவு 8.45

தாடி வைத்ததால்தான் அமெரிக்க அதிபர் லிங்கன் ஜெயித்தாரா என்று கேட்டவருக்கு: 1860 அக்டோபரில் கிரேஸ் பெடெல் என்ற 11 வயதுச் சிறுமி, உங்கள் முகம் மிக ஒட்டியிருக்கிறது, தாடி வைத்தால் நன்றாக இருக்கும் என்று கடிதம் எழுதியது உண்மை. ஆனால் நவம்பரில் ஜெயித்தது தாடியில்லாத லிங்கன். தாடி அதற்குப் பிறகுதான்.

பிப்ரவரி 20, காலை 9.40

"அப்படியானால் ஓட்டுச் சீட்டில் படமே போடக்கூடாது" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் பெரிய துணை. அயர்லாந்தில் 1999 முதல் ஓட்டுச் சீட்டில் படம் இருக்கிறது. இந்தியாவில் 2015 மே முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தின் சீட்டில் வேட்பாளர் படமும் வந்தது. காரணம், ஒரே பெயரில் பலர் நின்று வாக்காளர்களைக் குழப்புவது. 2025 பீகார் தேர்தலிலிருந்து அது வண்ணப் படமாகி, படத்தில் முக்கால்வாசி இடத்தில் முகம் இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள்.

பெயர் குழப்பத்தைத் தீர்க்கப் படம் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை வேட்பாளர்தான் கொடுக்கிறார். பணமுள்ளவர் நல்ல படப்பிடிப்பாளரிடம் போவார். இல்லாதவர் அடையாள அட்டைக்கு எடுத்ததைக் கொடுப்பார். மூக்கைச் சமமாக்க முடியாது. வெளிச்சத்தையும் தூரத்தையும் சமமாக்கலாமே? கால்டெக் குழு 2018இல் இன்னொன்றும் காட்டியது. அதே அரசியல்வாதியின் படத்தைக் கணினியில் கொஞ்சம் அகலப்படுத்தினாலே, அவர் லஞ்சம் வாங்கக்கூடியவராகத் தெரிகிறார். கட்டத்துக்குள் அடைக்க அச்சகத்தில் படத்தை இழுத்துவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இனி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

மார்ச் 2, இரவு 10.00

இப்போது இருக்கும் இடத்திலும் சங்கத் தேர்தல் வருகிறது. படம் எடுக்கும் வேலை மறுபடியும் என்னிடம்தான். தேர்தல் குழுவிடம் மூன்று விஷயம் கேட்டேன். எல்லாரையும் ஒரே இடத்தில் நான் எடுப்பேன், யாரும் வெளியிலிருந்து படம் கொண்டுவரக்கூடாது. எத்தனையாவது படம் நோட்டீஸுக்குப் போகும் என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸில் முதலில் பெயர், அப்புறம் இதுவரை செய்த வேலை, கடைசியில் சின்னதாகப் படம்.

முதல் இரண்டுக்குச் சரி என்றார்கள். மூன்றாவதுக்கு, "படம் மேலே இல்லாவிட்டால் யாரும் நின்றே படிக்க மாட்டார்கள்" என்றார் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரை மணி நேரம் பேசினோம். படம் மேலேயே இருக்கும், ஆனால் பாதி அளவில். மிச்சம் கிடைத்த இடத்தில் ஆளுக்கு நான்கு வரி கூடுதல்.

மார்ச் 11, மாலை 6.20

இன்று எடுத்து முடித்தேன். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் திரையை இழுத்துவிட்டு ஒரே விளக்கு வைத்தேன், கண்ணுக்குச் சற்று மேலே, இடப்பக்கம். நாற்காலியிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் கறுப்பு டேப் ஒட்டி, கேமரா நிற்கும் முக்காலியின் முன்கால் அந்தக் கோட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கேமரா அவரவர் கண் உயரத்தில். ஆளுக்கு ஐந்து படம், அதில் மூன்றாவது நோட்டீஸுக்கு. 17 பேர். கடைசியாக வந்தவர் வேலை முடிந்து ஓடி வந்தார், மூச்சு வாங்கியது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத்தான் எடுத்தேன்.

ஒரே ஒரு சிக்கல். இருவருக்கு மூன்றாவது படத்தில் கண் மூடியிருந்தது. குழுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவதில் கண் மூடியிருந்தால் நான்காவது, அதிலும் மூடியிருந்தால் ஐந்தாவது. அதையும் விதியில் எழுதிச் சேர்த்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம்.